ஹேவர்பெக் சந்தையில் என் காது

மற்றவர்கள் பேசுவதைக் கேட்டு டைப் அடித்துச் சம்பளம் வாங்குகிற தொழிலில் ஒரு சௌகரியம், நம் அபிப்ராயத்தை யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு கஷ்டம், நமக்கு அபிப்ராயம் வராமலும் இருக்காது. ஹெட்போன் அழுத்திக் காது மடல் சிவந்தவர்கள், கால் பெடலை மிதித்து மிதித்து ஒரே வாக்கியத்தைப் பதினெட்டு தடவை கேட்டவர்கள், பத்தொன்பதாவது தடவை அது இருமல் என்று கண்டுபிடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

பன்னிரண்டு வருஷம் நான் அமெரிக்க டாக்டர்களின் குரலைக் கேட்டு டைப் அடித்தேன். பிறகு அந்த வேலையை மென்பொருள் எடுத்துக்கொண்டது. எங்கள் முதலாளி மோகன் ராவ் சோர்ந்துபோகவில்லை. மென்பொருளுக்குப் புரியாத குரல்கள் உலகத்தில் எங்கேயாவது மிச்சம் இருக்குமா என்று தேடி, வடக்கு இங்கிலாந்தில் ஓர் ஊரைக் கண்டுபிடித்தார். ஹேவர்பெக். சின்ன சந்தை ஊர். ஏதோ ஒரு ராஜா எந்தக் காலத்திலோ பட்டயம் எழுதிக் கொடுத்ததிலிருந்து செவ்வாய்க்கிழமை தவறாமல் அங்கே சந்தை கூடுகிறது. நடுவில் கல் சிலுவை நிற்கும் சதுக்கம், சுற்றிலும் மதுக்கடைகள், ஒரு ஓடை, மலைச்சரிவு முழுக்க ஆடுகள். அந்த ஊர் வரலாற்றுச் சங்கம் கிழவர் கிழவிகளைப் பேசவைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தது, புத்தகம் போடுவதற்காக. மென்பொருள் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுப் பல இடங்களில் 'இசை' என்று எழுதிக் கொடுத்ததாம். அதனால் வேலை எங்களுக்கு வந்தது. ஹைதராபாத்தில் மாரெட்பள்ளியிலிருந்து நான் ஸ்கூட்டரில் சைனிக்புரி போவேன். அங்கே ஒரு ஓய்வுபெற்ற கர்னல் வீட்டு மாடிதான் எங்கள் ஆபீஸ்.

கர்னலின் தீர்ப்பு

முதல் பதிவு ஒரு பால்பண்ணைக்காரருடையது. நாற்பது நிமிஷம். காலையில் உட்கார்ந்து மத்தியானம் வரை கேட்டதில் எனக்குப் புரிந்தது மூன்று சொற்கள். ஒன்று 'பசு', ஒன்று 'செவ்வாய்', இன்னொன்று 'செவ்வாய்' மறுபடியும். பக்கத்து நாற்காலியில் ரஸியா. பழைய நகரத்துப் பெண், என்னைவிட வேகமாக டைப் அடிப்பவள். அவளுக்கு 'பசு'வும் கிடைக்கவில்லை.

கீழ்வீட்டுக் கர்னல் வேலூர்க்காரர். இளம் வயதில் இங்கிலாந்தில் ஏதோ பயிற்சிக்குப் போய் ஆறு மாதம் இருந்தவர். பேச்சுக்குப் பேச்சு அதைச் சொல்லாமல் விடமாட்டார். மோகன் ராவ் அவரைக் கையோடு மாடிக்கு அழைத்து வந்தார். கர்னல் இஸ்திரி போட்ட சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிக்கொண்டார். இரண்டு நிமிஷம் தலையை ஆட்டினார். அடுத்த மூன்று நிமிஷம் ஆட்டவில்லை. பிறகு ஹெட்போனை மெதுவாகக் கழற்றி, துணியால் துடைத்து, மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீ மனசத் தளரவிடாதம்மா. இது இங்கிலீஷே இல்ல."

நௌ தென்

சங்கத்தின் செயலாளர் மார்ஜரி என்கிற அம்மாள். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை, எழுபது வயது, நரைத்த குட்டை முடி. எங்களோடு பேசுகிற எல்லா வேலையும் அவருடையதுதான். முதல் வீடியோ அழைப்புக்கு நாங்கள் தீபாவளிக்குப் போல உடுத்திக்கொண்டு காத்திருந்தோம். திரையில் வந்தார். கேமராவை நேராகப் பார்த்தார். "நௌ தென்" என்றார்.

நான் காத்திருந்தேன். 'இப்போது, அப்படியானால்' என்று ஒருவர் ஆரம்பித்தால் அடுத்து ஒரு வாக்கியம் வர வேண்டுமல்லவா? வரவில்லை. அவரும் காத்திருந்தார். நான் புன்னகைத்தேன். அவர் புன்னகைத்தார். நெட் போய்விட்டது என்று மோகன் ராவ் மேஜைக்கு அடியில் குனிந்து வயரை ஆட்ட, அதுவரை நன்றாக இருந்த நெட் போயே போய்விட்டது.

மறுநாள்தான் தெரிந்தது, அந்த ஊரில் 'வணக்கம்' என்பதற்கு அதுதான் சொல் என்று. நாம் போனில் 'அப்புறம்...' என்று இழுப்போமே, அந்த ஜாதி. பதிலுக்கு நாமும் அதையே சொல்லிவிட்டால் கணக்கு நேராகிவிடும். நான் மன்னிப்புக் கேட்டபோது மார்ஜரி சொன்னார்: "பரவாயில்லம்மா. வெளியூர்க்காரங்க யாரும் எங்ககூட அவ்வளவு நேரம் பேசாம உக்காந்திருந்ததில்ல. எங்க ஊருக்கு நீங்க சரியா வருவீங்கன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

தொட்டியின் களைப்பு

வில்ஃப் என்ற ஆட்டுப்பண்ணைக்காரரின் பதிவு. தெளிவான குரல். இதுவாவது சுலபம் என்று சந்தோஷமாக டைப் அடித்தேன். அவர் 'டப்' என்ற ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். டப் என்றால் தொட்டி. இதிலென்ன சந்தேகம்? அடித்தேன்: 'இலையுதிர் காலம் வந்ததும் பக்கத்துப் பண்ணையிலிருந்து ஒரு நல்ல தொட்டியை வாங்கி வருவோம். அதன் நெஞ்சில் சிவப்புச் சாயம் தடவி ஆடுகளோடு வயலில் விட்டுவிடுவோம். காலையில் எந்தெந்த ஆட்டின் பின்பக்கத்தில் சாயம் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்போம். வாலிபத் தொட்டி என்றால் ஐம்பது ஆட்டைச் சமாளிக்கும். மூன்றாவது வாரம் தொட்டி களைத்துவிடும். அப்புறம் அதற்கு நல்ல தீனி போட வேண்டும்.'

நெஞ்சு, வாலிபம், களைப்பு என்று வரும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கீழே என் சொந்தப் புத்தியால் ஒரு குறிப்பும் சேர்த்தேன்: 'ஆடு குளிப்பாட்டும் தொட்டியாக இருக்கலாம்.' அது தொட்டியே இல்லை. அந்தப் பக்கத்தில் ஆட்டுக்கிடாவுக்கு அப்படி ஒரு பெயர். கடைசி எழுத்தை உதட்டை இறுக்கிச் சொன்னால் கிடா, தளர்த்திச் சொன்னால் தொட்டி. நம் எழுத்திலோ இரண்டும் ஒரே 'டப்'தான். வீட்டில் என் கணவருக்கு இதை எழுதிக் காட்டி விளக்கப் பார்த்துத் தோற்றுப்போனேன்.

மார்ஜரி அதைச் சங்கக் கூட்டத்தில் வாய்விட்டுப் படித்திருக்கிறார். வில்ஃபும் முன்வரிசையில் இருந்திருக்கிறார். வேலை கையைவிட்டுப் போகிறதென்று நான் நடுங்கிக்கொண்டிருக்க, மார்ஜரியின் கடிதம் வந்தது: "ஹேவர்பெக்கில் நாங்கள் தொட்டியைப் பலவிதத்தில் உபயோகப்படுத்தியிருக்கிறோம். தகப்பனாக்கியதில்லை."

மசாலா

ஒரு பாட்டியம்மாள் தன் சின்ன வயதைச் சொல்கிறார். செவ்வாய்ச் சந்தைக்குப் போனால் அப்பா ஒரு பொட்டலம் 'ஸ்பைஸ்' வாங்கித் தருவாராம். அக்காவும் இவரும் சிலுவைப் படியில் உட்கார்ந்து வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே ஆட்டு ஏலம் பார்ப்பார்களாம். மிளகு, லவங்கமெல்லாம் வெறும் வாயில் சப்பினால் அந்தக் குழந்தைகளின் நாக்கு என்னவாகியிருக்கும் என்று எனக்கு வருத்தமாக இருந்தது. விசாரித்ததில், அங்கே பழைய ஆட்கள் மிட்டாயைத்தான் 'ஸ்பைஸ்' என்பார்களாம். ரஸியாவிடம் சொன்னேன். அவள் டைப் அடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "ஹவ், ஆமா. நம்ம ஊரு சாமான வாங்க கப்பல் கட்டிக்கிட்டு வந்தாங்க. கடைசியில அத என்னன்னு தெரியாமலே சப்பிட்டு இருந்திருக்காங்க."

யார் இந்தக் கெட்டிக்காரர்

ரஸியாவுக்கு ஒரு மனக்குறை. டெல்லிப் பக்கத்துக்காரர்கள் அவளுடைய தக்கனி உருதுப் பேச்சைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்றால் போதும், ஒரு கூட்டமே கேலி செய்யுமாம். அதனால், யாரோ ஒரு கிழவர் இலக்கணப் பிழையோடு பேசி அது அப்படியே அச்சில் வந்து ஊர் சிரிப்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. எண்பத்து நாலு வயது கசாப்புக்கடைக்காரர் ஒருவரின் பதிவை யாரிடமும் சொல்லாமல் முழுக்கத் திருத்திவிட்டாள். ஒருமை பன்மை, காலம், விழுங்கிய எழுத்து எல்லாம் சரி. வசவுகளை எடுத்துவிட்டு 'மிகவும் வருந்தத்தக்க மனிதர்' என்று போட்டிருந்தாள். படித்துப் பார்த்தால் ஒரு பேராசிரியர் சொற்பெருக்காற்றியது போல இருந்தது. அது அப்படியே போய்விட்டது.

பேசியவர்களிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் அச்சுக்குப் போகும் என்பது சங்கத்தின் வழக்கம். மார்ஜரி அந்த எட்டுப் பக்கத்தை அவரிடம் கொடுத்திருக்கிறார். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாகக் கடைசிவரை படித்தாராம். தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் கேட்டாராம்: "ரொம்ப நல்லாப் பேசியிருக்கான். யாரு இவன்? என் கடையப் பத்தி இவனுக்கு எப்படி இவ்வளவு தெரியும்?"

சுவர்

இது கொஞ்சம் விவகாரமானது. ஏலக் கொட்டகை அலமாரியில் யாரோ ஒரு பழைய ஒலிநாடாவைக் கண்டெடுத்து அனுப்பியிருந்தார்கள். பல வருஷத்துக்கு முந்தைய மாட்டு ஏலம். ஏலக்காரர் மூச்சு விடாமல் கூவுகிறார். அவர் இப்போது உயிரோடு இல்லை. அந்தக் கூவலில் ஒரு சொல்லைக்கூடப் பிரிக்க முடியவில்லை. மோகன் ராவே கேட்டுவிட்டு, மென்பொருள் 'இசை' என்று போட்டதில் தப்பில்லை என்றார்.

எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் யாதகிரி. அவனுக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. ஆனால் அவன் அப்பா போவன்பள்ளி மார்க்கெட்டில் தக்காளி வாங்கிக் கடைகளுக்குப் போடுகிறவர். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் இவன் ஏலத்துக்குப் போனவன். அன்று என் கீபோர்டைச் சரிசெய்ய வந்தவன், ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்ததைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டான். "அக்கா, திரும்பப் போடுங்க" என்றான். போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு விரலை மடக்கினான். "ரெண்டு பேர் ஏலம் கேக்கறாங்க. ஒருத்தர் இந்தப் பக்கம் நிக்கறார், நிஜமான ஆளு. மூச்சு வாங்கிட்டு, யோசிச்சு கேக்கறார். இன்னொருத்தர் யோசிக்கவே இல்ல பாருங்க. இவர் கேட்ட உடனே அவர் கேக்கறார். அது ஆளு இல்லக்கா. கோடா." தெலுங்கில் கோடா என்றால் சுவர். எதிரே ஆளே இல்லாமல், சுவரைப் பார்த்துத் தலையாட்டி, யாரோ கேட்டது போல ஏலத்தை ஏற்றுவது. எங்கோ ஒரு சின்ன மண்டியில் அவன் அப்பாவை ஒருத்தன் அப்படி ஏமாற்றியிருக்கிறானாம்.

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இறந்துபோனவர் மேல் பழி. கடைசியில் யாதகிரி சொன்னதை, 'இது எங்கள் ஊகம்தான்' என்று சேர்த்து மார்ஜரிக்கு மட்டும் எழுதினேன். அவர் அந்த நாடாவை இரண்டாவது தடவை போட்டுக் கேட்டுவிட்டு, அன்று அப்படி விலையேறிய பசுவை ஏலத்தில் எடுத்தவர் யார் என்று விசாரித்து அவரைத் தேடிப் போயிருக்கிறார். மனிதர் தொண்ணூறைத் தொட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து ஊர்ப் பணக்காரர் ஒருவரோடு மல்லுக்கட்டி ஜெயித்து அந்தப் பசுவை வாங்கியதாகத்தான் அதுவரை நினைத்திருந்தாராம். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "என் கல்யாண விருந்துல எழுந்து நின்னு அந்தக் கதையத்தான் சொன்னேன். சுவர ஜெயிச்சதுக்கா அத்தனை பேர் கைதட்டினாங்க?"

அணைக்காத மெஷின்

நோராவும் எடித்தும் அக்கா தங்கை. இருவரும் எண்பதைத் தாண்டியவர்கள். ஒரே தெருவில் எதிரெதிர் வீடு. முப்பது வருஷமாகப் பேச்சு கிடையாது. காரணம் ஒரு கர்ட் டார்ட். திரிந்த பாலும் முட்டையும் உலர்ந்த திராட்சையும் வைத்துச் சுடுகிற இனிப்பு அது. ஊர் வேளாண்மைக் கண்காட்சியில் வருஷா வருஷம் அதற்குப் போட்டி. பரிசு ஒரு துண்டு ரிப்பன்தான். ஆனால் அந்த ரிப்பனுக்காக ஹேவர்பெக்கில் கொலை ஒன்றுதான் விழவில்லை. ஒரு வருஷம் அக்கா நோராவின் டார்ட்டைத் திருப்பிப் பார்த்த நடுவர், அதன் பின்பக்கம் குதறிக் கிடக்கிறது என்று ஒதுக்கிவிட்டார். ரிப்பன் தங்கை எடித்துக்குப் போனது. நோரா தன் பதிவில் இதைச் சொல்லிவிட்டு, "யார் கை என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்" என்று முடித்திருந்தார். டைப் அடித்து அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து எடித்தின் பதிவு வந்தது. பள்ளிக்கூடம், பேண்டு வாத்தியம், பனிக்காலம் என்று ஒரு மணி நேரம் நன்றாகப் பேசிவிட்டு, "அத அணைச்சிடும்மா" என்றார். பேட்டி எடுத்த பெண் எதையோ அழுத்தினாள். மெஷின் அணையவில்லை. எடித் பேசினார். கண்காட்சிக் கூடாரத்துக்குள் நாயைக் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. இவர் கேப்டன் என்கிற தன் நாயோடு போயிருக்கிறார். அது நோராவின் டார்ட்டில் வாயை வைத்துவிட்டது. பதறிப்போய், கடித்த பக்கத்தைப் பின்னால் திருப்பிவைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். பரிசு கொடுக்கும்போது சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் சொல்லலாம் என்றிருந்தார். "மறுநாளும் போச்சு, அதுக்கு மறுநாள் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் நாயும் செத்துப்போச்சு" என்றார். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். அன்று டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டு அப்படியே மூடிவைத்தேன்.

பேசியவர் அணைக்கச் சொன்ன பிறகு வருவது எதையும் டைப் அடிக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. மோகன் ராவ், "அந்தத் துண்டை அழிச்சிடும்மா. நாம கேக்கவே இல்ல" என்றார். "கேட்டாச்சே சார்" என்றேன். ரஸியா என் பக்கம். யாதகிரி எந்தப் பக்கமும் இல்லாமல் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். கடைசியில் நான் மார்ஜரிக்கு எழுதியது இவ்வளவுதான்: எடித் அம்மாள் அணைக்கச் சொன்ன பிறகும் மெஷின் ஓடியிருக்கிறது. அதில் இருப்பதை நான் டைப் அடிக்கவில்லை, ஆனால் கேட்டுவிட்டேன். அவரிடம் இதைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேளுங்கள். நான் மன்னிப்புக் கேட்டதாகவும் சொல்லுங்கள். மோகன் ராவ் படித்துவிட்டு, பேட்டி எடுத்த பெண்ணின் தப்பை வாடிக்கையாளருக்கே சுட்டிக்காட்டினால் அடுத்த வருஷ ஒப்பந்தம் வராது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான்கு நாள் ஹேவர்பெக்கிலிருந்து ஒரு வரி வரவில்லை. ஐந்தாம் நாள் பழைய டாக்டர் வேலைக்கு எங்கேயாவது ஆள் எடுக்கிறார்களா என்று நான் விசாரிக்கத் தொடங்கியிருந்தேன்.

ஆறாம் நாள் மார்ஜரி திரையில் வந்தார். எடித் விஷயத்தைக் கேட்டு வெளிறிப்போய், "கேட்டவங்க என்ன சொன்னாங்க?" என்றாராம். "மன்னிப்புக் கேட்டாங்க" என்று மார்ஜரி சொல்ல, "அவங்க எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். நோரா கதவைத் திறந்து, அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டு, "டார்ட்டுல ஒட்டியிருந்த நாய் முடிய நான் அன்னிக்கே பார்த்துட்டேன். நீ வந்து சொல்வேன்னு காத்துட்டிருந்தேன். உள்ள வா, குளிருது" என்றாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மோகன் ராவும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மார்ஜரி மட்டும் சந்தோஷமாகத் தெரியவில்லை. இப்போது அக்காவும் தங்கையும் செவ்வாய்தோறும் சந்தையில் சேர்ந்து கடை போடுகிறார்களாம். டார்ட்டில் ஜாதிக்காய் எவ்வளவு போடுவது என்று காலையிலிருந்து மாலைவரை சதுக்கம் அதிரச் சண்டையாம். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதாகச் சொல்லிவிட்டு, போவதற்கு முன் அவர் சொன்னார்: "முப்பது வருஷம் அந்தத் தெரு எவ்வளவு அமைதியா இருந்துச்சு தெரியுமா? நீங்க ஹைதராபாத்ல இருக்கறதால தப்பிச்சீங்க."

நான் கால் வைத்திராத ஓர் ஊரில் எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதுவரை எனக்கு அத்துப்படி, மாரெட்பள்ளியில் எங்கள் எதிர் பிளாட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.